பிஸ்கட்டின் சடை குறித்துச் சம்பந்திக்கு

திருமுல்லைவாயில்,
சென்னை-62.
11-4-1992, சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. தேவராஜ் அவர்களுக்கு,

ஜம்புலிங்கம் வணக்கத்தோடு எழுதுவது. இங்கு நான் நலம், லோகநாயகி நலம், தாங்கள் எங்களை நம்பி விட்டுச் சென்ற பிஸ்கட்டும் நலம். அங்கு வேலூரில் தாங்களும், தோளில் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கும் சம்பந்தி அம்மாவும், துணைக்கு இருக்கும் மாப்பிள்ளையும் எங்கள் வனஜாவும் நலமாக இருக்க மாங்காட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறோம். கட்டுப் பிரித்தாகிவிட்டதா, கையை எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது என்பதெல்லாம் வனஜாவின் கடிதத்தில் வரும் என்று தினமும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிஸ்கட் நலம் என்று மேலே எழுதியிருப்பதைத் தாங்கள் முழுமையாக நம்பலாம். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. அது வேளைக்குச் சாப்பிடுகிறது, தூங்குகிறது, தபால்காரரைக் கண்டால் குரைக்கிறது. ஆனால் அதன் தோற்றத்தில் ஒரு சிறு மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. "சிறு மாறுதல்" என்று நான் எழுதும்போது பின்னால் நின்று எட்டிப் பார்த்த லோகநாயகி, "சின்னதா? அந்த நாய்ல முக்காவாசியக் காணோம். சின்னதுன்னு எழுதுறீங்களே" என்கிறாள். ஆகையால் நடந்ததை முதலிலிருந்து வரிசையாக எழுதிவிடுகிறேன். தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்கவும். முக்கியமாக, தாங்கள் மட்டும் படிக்கவும். சம்பந்தி அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு யோசனையைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

மார்ச் இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தாங்கள் ஆட்டோவில் வந்து பிஸ்கட்டை எங்கள் வாசலில் இறக்கிவிட்டபோது, "வயசாயிடுச்சு சம்பந்தி, ஏழு முடிஞ்சு எட்டு. அதனால மெதுவாத்தான் நடக்கும். தொட்டா கோவிச்சுக்கும். மத்தபடி தங்கம்" என்று சொன்னீர்கள். தங்கம் நேராகப் போய் எங்கள் இரும்புக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. சாப்பாட்டுத் தட்டின் சத்தம் கேட்டால் மட்டும் வெளியே வரும், சாப்பிடும், திரும்பவும் உள்ளே போய்விடும். வனஜா கல்யாணத்தின்போது நான் பார்த்த பிஸ்கட், பஞ்சு மிட்டாய்க்குக் கண் வைத்ததுபோல் இருந்தது. சம்பந்தி அம்மா தினமும் காலையில் காபி குடித்ததும் அரை மணி நேரம் மரச்சீப்பால் அதற்குத் தலை முதல் வால் வரை சீவிவிடுவார் என்றும், வேறு யார் கையும் அதற்கு ஆகாது என்றும் வனஜா சொல்லியிருக்கிறாள். போன ஆவணியில் சம்பந்தி அம்மா துணி துவைக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து தோள் எலும்பு முறிந்ததிலிருந்து அந்தச் சீப்பு சும்மா கிடக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிற இடத்தில் நாயின் முடியை யார் கவனிப்பது? எங்கள் வீடாக இருந்திருந்தால் நாயே இருந்திருக்காது.

மேலாகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. விரலை உள்ளே விட்டால்தான் தெரிந்தது, அது முடி இல்லை, வாசலில் கால் துடைக்கிற தேங்காய் நார் மிதியடி என்று. இரண்டு காதுக்கும் பின்னால் எலுமிச்சம்பழம் அளவில் இரண்டு உருண்டைகள். வயிற்றில் அடை தட்டினாற்போல் ஒரு பலகை. வால் ஒரே கட்டை. அந்தக் கட்டையிலிருந்து லோகநாயகி முதல் நாளே நாலைந்து நெருஞ்சி முள்ளும் ஒரு ரப்பர் பேண்டும் பாதி பஸ் டிக்கெட்டும் எடுத்தாள். பங்குனி வெயில் வேறு. நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரைக்கிற சத்தம் சமையற்கட்டு வரை கேட்டது. "பாவங்க, நாம ரெண்டு ஸ்வெட்டர் மாட்டிகினு மொட்டை மாடில நிக்கிறாப்ல கீது அதுக்கு. எதுனா பண்ணுங்க" என்றாள்.

சம்பந்தி, நான் முப்பத்து மூன்று வருஷம் ஆவடித் தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் இருந்தவன். இறுகிப்போனதைக் கழற்றுவதே என் பிழைப்பாக இருந்தது. எதற்கும் ஒரு முறை உண்டு என்று நம்புகிறவன். ஓய்வு பெற்று ஒன்றரை வருஷமாகக் கழற்றுவதற்கு வீட்டில் மிக்ஸியைத் தவிர ஒன்றும் இல்லாமல் இருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் வேலைத் திட்டம் எழுதினேன். குளியல், அரை மணி. உலர்த்தல், ஒரு மணி. சீப்பு, அரை மணி. பதினோரு மணிக்குள் எல்லாம் முடிந்து, பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு என்று போட்டிருந்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

குளிப்பாட்டுவதற்குப் பக்கத்து வீட்டு வேம்புலியைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவன் இண்டஸ்டிரியல் எஸ்டேட்டில் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சரக்கு ஓட்டுகிறவன், இருநூறு கிலோ இரும்புக் கம்பியைச் சிரித்துக்கொண்டே ஏற்றுவான். "நாயிதானே நைனா, நா புட்ச்சிக்கிறேன், நீ தேய்" என்று பிஸ்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். லோகநாயகி ஒரு சொம்பு நிறையச் சீயக்காய் கரைத்துத் தந்தாள். அதைத் தலையில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்து, முன்னங்கால் பக்கம் என் கை போனதுதான் தாமதம், பிஸ்கட் ஒரு துள்ளுத் துள்ளி வேம்புலியின் கையிலிருந்து நழுவி, திறந்திருந்த கேட் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. நானும் ஈர லுங்கியோடு "பிஸ்கட்! பிஸ்கட்!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓட, மூலைக் கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டி, "இருங்க சார், இதுக்கு ஏன் ஓடி வர்றீங்க" என்றார். பிஸ்கட் அதற்குள் மூன்றாவது வீட்டில் பேபி என்கிற பெண் நடத்துகிற பியூட்டி பார்லருக்குள் நுழைந்துவிட்டது. அங்கே கல்யாணப் பெண் ஒருத்தி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் களிம்பு பூசிய அவளும் உடம்பெல்லாம் சீயக்காய் பூசிய பிஸ்கட்டும் ஒருவரையொருவர் பார்த்து அலறிய சத்தம் ரயில்வே கேட் வரை போயிருக்கும். பேபியிடம் மன்னிப்புக் கேட்டு, நாயைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தேன்.

வெயிலில் காய வைத்தோம். காயக் காயத்தான் நான் செய்த தவறு எனக்கு விளங்கியது. தாங்களும் தெரிந்துகொள்ளுங்கள் சம்பந்தி, சிக்கு விழுந்த முடியை நனைக்கவே கூடாது. கம்பளி மயிரை நனைத்து அழுத்தித்தான் தொழிற்சாலையில் ஃபெல்ட் என்று ஒன்று செய்வார்கள், எண்ணெய் கசியாமல் இருக்க வாஷராகப் போடுவது. அதை என் கையால் எத்தனையோ மாட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு முழு நாயையே ஃபெல்ட் ஆக்கியது இதுதான் முதல் தடவை. காலையில் விரல் நுழைந்த இடத்தில் சாயந்திரம் குண்டூசி நுழையவில்லை.

அடுத்த நாள் வேம்புலி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா இது, ஹெல்மெட்டு கணக்கா கீது? தேங்கா எண்ணெய ஊத்தி ஊற உடு. துருப்புட்ச்ச போல்ட்டே கழண்டுக்கும், மயிரு கழலாதா?" என்றான். அவன் சொன்னது என் தொழிலுக்கு ஒத்து வருகிற பேச்சாக இருந்ததால் நான் மயங்கிவிட்டேன். கால் லிட்டர் ஊற்றினோம். எண்ணெய் மேலேயே நின்றது. பிஸ்கட் தன் வழக்கப்படி கட்டிலுக்கு அடியில் போகாமல், அன்றைக்கென்று பார்த்து, தாங்கள் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த மெத்தை நாற்காலியில் ஏறிப் படுத்தது. பிறகு கொல்லையில் செம்மண்ணில் புரண்டது. பிறகு எறும்பு வந்தது. லோகநாயகி எண்ணெயை இழுக்கட்டும் என்று ஒரு படி அரிசி மாவை எடுத்து அதன்மேல் தூவினாள். பொரிப்பதற்கு ஒன்றுதான் பாக்கி என்று வேம்புலி சொன்னான், அதற்கு லோகநாயகி அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் சீப்பு. மரச்சீப்பில் நாலு பல் போயிற்று, பேன் சீப்பு முழுதாகப் போயிற்று. கடைசியில் பொறுமை இழந்து கத்திரிக்கோலை எடுத்தேன். இந்த இடத்தை எழுதத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சிக்கு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் அந்த முன்னங்கால் ஓரமாக ஒரு வெட்டு வெட்டினேன். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. ஒரே ஒரு பொட்டுதான், மஞ்சள் வைத்ததும் நின்றுவிட்டது. ஆனால் பிஸ்கட் திரும்பி என் மணிக்கட்டைக் கவ்வியது. பல் பட்டதே தவிர இறங்கவில்லை. தாங்கள் கொடுத்த பையில் தடுப்பூசிச் சீட்டு தேதியோடு இருந்ததையும் பார்த்துக்கொண்டோம், ஆகவே அது பற்றித் தங்களுக்குக் கவலை வேண்டாம். கவ்விய கையை அது உடனே விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாலை ஆட்ட முயன்றது. வால்தான் கட்டையாயிற்றே, ஆடவில்லை. இடுப்பு மட்டும் ஆடியது.

நான் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். இது கோபக்கார நாய் என்றால் காதைத் தொட்டாலும் கடிக்க வேண்டும், முதுகைத் தொட்டாலும் கடிக்க வேண்டும். ஆனால் காதை நான் இழுத்தபோது முனகியதோடு சரி. குளிப்பாட்டிய அன்று துள்ளியது முன்னங்காலைத் தொட்டபோது. இன்றைக்குக் கவ்வியதும் அங்கேதான். ஒரு மெஷின் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சத்தம் போட்டால், நாங்கள் மெஷினைத் திட்ட மாட்டோம், அந்த இடத்தைத் திறந்து பார்ப்போம். இத்தனை வருஷம் இரும்புக்குக் கொடுத்த மரியாதையை ஓர் உயிருக்குக் கொடுக்கவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் காலையில் பிஸ்கட்டை வேம்புலியின் மீன்பாடி வண்டியில் சாக்கு விரித்து உட்கார வைத்து, லோகநாயகி குடை பிடிக்க, மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். சாமி ஊர்வலம் என்று நினைத்து ஒரு கிழவர் செருப்பைக் கழற்றினார். அங்கே சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தர் பசு மாடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். பிஸ்கட்டின் இடது முன்னங்காலை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். அது பாதிக்கு மேல் வரவில்லை. "பாருங்க சார், காலும் நெஞ்சும் சேர்ந்து சிக்காயிருக்கு. தையல் போட்ட மாதிரி. இது ஒவ்வொரு அடி வைக்கும்போதும் யாரோ முடியை வேரோட பிடிச்சு இழுக்கிறாப்ல இருக்கும்" என்றார். "எவ்வளவு நாளா?" என்று கேட்டார். நான் ஆவணியிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். வேம்புலிதான், "அய்ய, வயசாயி மெதுவா நடக்கல நைனா இது. கால கட்டிப் போட்டுகினே நடந்துகினு இருந்துகீது" என்றான். லோகநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்க அவங்களுக்கும் கையத் தூக்க முடில, இங்க இதுக்கும் முடில. ரெண்டும் ஒரே ஊட்ல ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்காம இருந்திருக்குதுங்க" என்றாள்.

தாங்கள் இந்த இடத்தில் வருத்தப்படக் கூடாது. அதற்காகத்தான் உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். நாங்களும் பத்துப் பன்னிரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம், எங்களுக்கு மட்டும் தெரிந்ததா?

முடி வெட்டுகிற மெஷின் அவர்களிடம் இல்லை. "இங்க மாடு, ஆடுதான் வருது. நீங்களே வீட்ல செய்யலாம், அவசரப்படாம செஞ்சா போதும்" என்று டாக்டரம்மா முறை சொல்லிக் கொடுத்தார். இனிமேல் சீப்பால் இழுக்க வேண்டாம், நனைக்கவும் வேண்டாம். தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் சீப்பைச் செருகிக்கொண்டு, சீப்புக்கு மேலே மட்டும் வெட்ட வேண்டும், அப்போது தோலில் கத்தி படாது. பெரிய சிக்கை முடி போகிற வாக்கில் நீளமாகப் பிளந்து சின்னதாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வேளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் கூடாது. வலிக்காத இடத்தில் ஆரம்பித்து, வலிக்கிற இடத்தைக் கடைசியில் தொட வேண்டும். புண்ணுக்குக் களிம்பும் எழுதிக் கொடுத்தார். கடைசியாக, "உடம்பு முடி முழுக்கப் போயிடும், தயாரா இருங்க" என்றார். நான் தலையாட்டினேன். அப்போது நான் அதன் நல்லதைத்தான் நினைத்தேனே ஒழிய சம்பந்தி அம்மாவை நினைக்கவில்லை என்பது உண்மை.

அன்று மாலை பேபி தன் சின்னக் கத்திரியோடு தானே வந்துவிட்டாள். "நானும் பார்லர்ல பாத்தேன் அங்கிள், அன்னிக்கே மனசு கேக்கல. சிக்குன்னா நுனிலேர்ந்துதான் வரணும், வேர்லேர்ந்து இழுத்தா மனுஷங்களே அடிக்க வருவாங்க" என்றாள். கொல்லையில் முருங்கை மர நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். நான் சீப்பைச் செருகிப் பிடிப்பேன், பேபி வெட்டுவாள், லோகநாயகி ரஸ்க்கைக் கிள்ளிக் கிள்ளி அதன் வாயில் கொடுப்பாள், வேம்புலி ஒரு வேலையும் இல்லாமல் எதிரில் குந்தி, "ஒண்ணுமில்ல ராசா, ஆயிடுச்சு, தோ ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். கால் மணி ஆனதும் நிறுத்திவிடுவோம், ஒரு பக்கம் பாதியில் நின்றாலும் சரி. முதல் நாள் வால். வால் விடுபட்டதும் அது ஆடியது, பேபியின் கன்னத்தில் ஓர் அடியும் விழுந்தது. இரண்டாம் நாள் காதுகள். மூன்றாம் நாள் நான் சாக்கை விரிப்பதற்குள் பிஸ்கட்டே கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து வந்து அதன்மேல் படுத்துக்கொண்டு, வயிற்றைக் காட்டியது. லோகநாயகி என்னைப் பார்த்தாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான்காம் நாள், போன திங்கட்கிழமை, அந்த முன்னங்கால். பேபி, "இந்த இடத்துல எனக்குப் பயமா இருக்கு அங்கிள், நீங்களே வெட்டுங்க" என்று கத்திரியை என்னிடம் கொடுத்துவிட்டாள். உள்ளே தோல் சிவந்து கன்றியிருந்தது. சீப்பு நுழையவில்லை, வெறும் விரலை நுழைத்து, விரலுக்கு மேலே நாலு நாலு மயிராக வெட்டினேன். வெட்டுப் பட்டால் என் விரலில் படட்டும் என்றுதான். இரண்டு தடவை பட்டது. பிஸ்கட் பல்லைக் காட்டவில்லை. என் முழங்கையில் மூக்கை வைத்துக்கொண்டு புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கடைசி இழை விடுபட்டது எனக்குத் தெரிந்தது, அதற்குத் தெரியவில்லை. எழுந்து பழைய மாதிரியே ஒரு சின்ன அடி வைத்து நின்றது. தன் காலைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் கொஞ்சம் பெரிய அடி ஒன்று. அப்புறம், சம்பந்தி, அது ஓடியது. முருங்கை மரத்தைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, சமையற்கட்டுக்குள் புகுந்து, வாசல் வழியாகப் போய், பக்கவாட்டுச் சந்தில் வந்து, மறுபடியும் முருங்கை மரம். வாளி உருண்டது, கொடியில் காய்ந்த என் வேட்டி விழுந்தது. ஒருவரும் அதைப் பிடிக்கவில்லை. எட்டு வயசு நாய் இல்லை அது, குட்டி. லோகநாயகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை என்கிறாள்.

ஓடி முடித்து எங்கள் முன்னால் வந்து நின்றபோதுதான் நாலு பேரும் அதை ஒழுங்காகப் பார்த்தோம். பிறகு வேம்புலி, "நைனா, நாயி எங்க?" என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சம்பந்தி அம்மாவுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று பேபி முகத்து முடியையும் வால் நுனியையும் மட்டும் விட்டு வைத்திருந்தாள். அதனால் நேருக்கு நேர் பார்த்தால் சிங்கம், பக்கத்தில் வந்து பார்த்தால் கீரிப்பிள்ளை. நிறமும் மாறிவிட்டது, உள்ளே தோல் ரோஸ். நாங்கள் இத்தனை நாள் நாய் என்று நினைத்துச் சோறு போட்டதில் பெரும்பகுதி முடிதான் என்று தெரிந்தது. அடுத்த நாள் தபால்காரர், "பழைய நாய் இன்னா ஆச்சு சார்?" என்று தாழ்ந்த குரலில் துக்கம் விசாரித்தார். லோகநாயகி வெட்டிய முடியை எல்லாம் பொறுக்கி இரண்டு தலையணை உறையில் போட்டு, வேப்பிலை வைத்துக் கட்டி வைத்திருக்கிறாள். எதற்கு என்றால், "அவங்க கேட்டா கணக்குக் காட்ட வேணாமா? ஒரு மயிரு நாம எடுத்துக்கல" என்கிறாள். பெண் வாழப் போன வீட்டு நாய் என்கிற பயம் அவளுக்கு. எனக்கும்தான்.

ஆகையால் தங்களிடம் என் வேண்டுகோள். சம்பந்தி அம்மா இப்போது இருக்கிற நிலையில் திடீரென்று இதைக் கேட்டால் மனசு உடைந்துபோவார். ஏழு வருஷம் தன் கையால் வளர்த்த முடி. எனவே மூன்று நாளாகப் பிரித்துச் சொல்லவும். முதல் நாள், "திருமுல்லைவாயில் பக்கம் இந்த வருஷம் வெயில் ஜாஸ்தியாம்" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டாம் நாள், "வெயில் காலத்தில் நாய்க்கு முடியைக் குறைத்தால் நல்லதென்று டாக்டர்கள் சொல்கிறார்களாம்" என்று பொதுவாகச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் அவர் நன்றாகச் சாப்பிட்டு முடித்த பிறகு, "சம்பந்தி கொஞ்சம் குறைத்திருக்கிறாராம்" என்று சொல்லுங்கள். "கொஞ்சம்" என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டாம். அந்தக் கால் விஷயத்தை எப்போது சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்பதைத் தங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன். முடி ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். அதற்குள் தாங்கள் ஊர் திரும்புவதைத் தள்ளிப்போட வழி இருந்தால் அதையும் யோசிக்கவும்.

பிறக்கப் போகிற வருஷம் சம்பந்தி அம்மாவின் தோளுக்கு வலுவையும், தங்களுக்கு நிம்மதியையும், பிஸ்கட்டுக்கு முடியையும் குறைவில்லாமல் தர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். மாப்பிள்ளைக்கும் வனஜாவுக்கும் எங்கள் ஆசிகள். லோகநாயகி தங்கள் இருவரையும் மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ஜம்புலிங்கம்

பின்குறிப்பு, 12-4-1992, ஞாயிற்றுக்கிழமை காலை: இன்று தபால் எடுக்க மாட்டார்களே என்று இதை மேஜைமேல் வைத்திருந்தேன். வருஷப் பிறப்புக்காக வனஜாவும் மாப்பிள்ளையும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வனஜா பிஸ்கட்டைப் பார்த்ததும் அதிர்ச்சி அடையவில்லை. "நல்லா வெட்டிருக்கப்பா" என்றாள். விசாரித்தால், லோகநாயகி எனக்குத் தெரியாமல் எண்ணெய் ஊற்றிய அன்றே வனஜாவுக்கு ஓர் இன்லண்டு லெட்டர் போட்டிருக்கிறாள். மாட்டாஸ்பத்திரிக்குப் போய் வந்த அன்று ஒன்று, ஓடிய அன்று ஒன்று. மூன்றையும் தாங்கள் இல்லாத நேரம் பார்த்துச் சம்பந்தி அம்மா வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கச் சொல்லி, சிரித்துத் தோள் வலித்து, நர்ஸ் வந்து அதட்டினாராம். கால் பற்றிய இடத்தில் மட்டும் சிரிக்காமல், அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாராம். முடியை வெட்டிவிடச் சொல்லி எட்டு மாதமாக அவரேதான் தங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராமே? "மாமாதாம்பா ஒத்துக்கல. கை சரியானதும் நீயே சீவிக்கோ, அதுவரைக்கும் யாரும் கத்திரி வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு" என்கிறாள் வனஜா. எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை சம்பந்தி. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

எனவே மேலே எழுதிய ஆறு பக்கத்தில் சம்பந்தி அம்மாவிடம் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை, எல்லாம் அவருக்கு முன்பே தெரியும். வெயில், டாக்டர், "கொஞ்சம்" என்கிற மூன்றில் எதையும் தாங்கள் ஆரம்பிக்க வேண்டாம். அவர் தங்களிடம் நேரில் சொல்லாமல் எனக்குச் சொல்லி அனுப்பிய செய்தி ஒன்றுதான் பாக்கி. தான் விழுந்ததிலிருந்து தாங்கள் ஒரு தடவைகூட முடி வெட்டிக்கொள்ளவில்லையாம், காலர் மறைந்து காதும் மறைந்துவிட்டதாம், கேட்டால் கோபித்துக்கொள்கிறீர்களாம். "அவரையும் ஒரு வாரம் திருமுல்லைவாயில்ல உட்டுட்டு வா" என்று வனஜாவிடம் சொல்லியிருக்கிறார். பேபியிடம் சொல்லிவிட்டேன். லோகநாயகி ரஸ்க் வாங்கி வைத்திருக்கிறாள். பயப்படாமல் வரவும்.